பெயருக்கு ஒரு சிஎஸ்பி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மின்கட்டணம், சொத்துவரி, பள்ளிக் கட்டணம், கோயில் தரிசனச் சீட்டு, தி.நகர் கடைச் சேலை என எல்லாவற்றுக்கும் இன்று ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் தளத்தின் சொந்த சர்வரிலிருந்து வருவது ஒரு பகுதிதான். பணம் கட்டும் பெட்டி ஓரிடத்திலிருந்து வருகிறது, 'நான் ரோபோ அல்ல' கட்டம் வேறோரிடத்திலிருந்து. எழுத்துரு, வருகைக் கணக்கு, அரட்டைப் பெட்டி எல்லாம் ஆளுக்கொரு முகவரியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. இவற்றில் எதை ஓடவிடலாம், எதை ஓடவிடக் கூடாது என்று தளம் பிரவுசருக்குச் சொல்லி அனுப்பும் கட்டளைக்குத்தான் சிஎஸ்பி என்று பெயர். தமிழில் சொன்னால் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை. பக்கத்தோடு சர்வர் அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத குறிப்புகளான ஹெடர்களில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம். தணிக்கைக்காரர் கேட்டார் என்று அதைச் சேர்ப்பார்கள். மறுநாள் காலை பணம் கட்டும் பொத்தான் அசையாது; தொலைபேசி அடிக்கத் தொடங்கும். தளத்தைப் பராமரிக்கும் இளைஞர் இணையத்தில் தேடி, கட்டளைக்குள் 'அன்சேஃப்-இன்லைன்' (பக்கத்துக்குள்ளேயே எழுதிய எதையும் ஓடவிடு) என்ற சொல்லையும் ஒரு நட்சத்திரக் குறியையும் (எந்த முகவரியும் சரி) போடுவார். பொத்தான் வேலை செய்யும். தணிக்கைப் படிவத்தில் 'சிஎஸ்பி உள்ளது' என்ற கட்டத்தில் டிக் விழும். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்த பிறகு அந்த வரி எந்தக் கெட்ட ஸ்கிரிப்டையும் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) தடுக்கப் போவதில்லை. அடுக்குமாடி வாசலில் காவலாளியை நிறுத்தி, 'யார் வந்தாலும் விடு' என்று சொல்லிவிட்டு, காவலாளி சம்பளத்தைப் பராமரிப்புக் கணக்கில் எழுதுவது போன்ற வேலை இது.

வெளி ஸ்கிரிப்ட் ஒன்று பக்கத்துக்குள் வந்துவிட்டால் அது விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். எந்த முகவரியிலிருந்து வந்திருந்தாலும், அந்தப் பக்கத்தின் முழு அதிகாரமும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. தட்டச்சு செய்யும் அட்டை எண்ணைப் படிக்கலாம். படிவம் போகும் இடத்தை மாற்றலாம். பக்கத்தில் உள்ள எழுத்தையே திருத்திக் காட்டலாம். 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' என்ற சேவையின் ஸ்கிரிப்டில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் குறிமுறையைச் சொருகிவிட்டார்கள். ஒரே ஒரு கோப்புதான். 4,000-க்கும் மேற்பட்ட தளங்களில் ஓடியது. தகவல் பாதுகாப்பை மேற்பார்வையிடும் பிரிட்டன் ஆணையத்தின் தளமும் அவற்றில் ஒன்று. 2024-இல் 'பாலிஃபில்.ஐஓ' கதை. பழைய பிரவுசர்களுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் சேர்த்த அந்த வரியை எடுக்க மறந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு பிப்ரவரியில் முகவரி கைமாறியது. ஜூனில் அதிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், கைப்பேசியில் பார்ப்பவர்களை வேண்டாத தளங்களுக்குத் தள்ளிவிடுவது தெரியவந்தது. இதில் கவனிக்க வேண்டியது: அந்த முகவரி 'அனுமதிக்கப்பட்ட' பட்டியலில் முறைப்படி இருந்திருந்தால், சிஎஸ்பி அதை வணக்கம் சொல்லி உள்ளே விட்டிருக்கும். பட்டியலை நம்பி மட்டும் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில், தடுக்கப்பட்ட ஸ்கிரிப்டுக்கு வழிவிடும் முன் தடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். எஃப்12 விசையை அழுத்தி கன்சோலைத் திறந்தால் பிரவுசரே சொல்லிவிடுகிறது: எந்த முகவரி, எந்த விதியை மீறியது, அந்த விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. முகவரியை மட்டும் நகலெடுத்து 'டிஃபால்ட்-எஸ்ஆர்சி' (தனி விதி இல்லாதவற்றுக்கான பொது விதி) வரியில் ஒட்டிவிட்டு, 'சேர்த்துவிட்டேன், இன்னும் வேலை செய்யவில்லை' என்று தவிப்பார்கள். ஸ்கிரிப்டுக்கென 'ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி' தனியாக இருந்தால் பிரவுசர் டிஃபால்ட் வரியை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை.

முகவரி எழுதுவதிலும் நுணுக்கம் உண்டு. நட்சத்திரம், புள்ளி, பிறகு தளப்பெயர் என்று எழுதினால் துணைத் தளங்கள் எல்லாம் அடங்கும். முன்னொட்டு இல்லாத வெறும் தளப்பெயர் அடங்காது, அதைத் தனியே எழுத வேண்டும். முகவரியோடு கோப்புறைப் பாதையைச் சேர்த்தால் கடைசிச் சாய்கோடு முக்கியம்: சாய்கோட்டில் முடிந்தால் அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாம், இல்லையென்றால் அதே பெயருள்ள ஒரே ஒரு கோப்பு. அந்த முகவரி வேறொன்றுக்குத் திருப்பிவிட்டால், திருப்பப்பட்ட இடமும் பட்டியலில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே பாதையைப் பிரவுசர் சரிபார்ப்பதில்லை. 'செல்ஃப்' (சொந்தத் தளம்), 'நன்' (எதுவும் கூடாது) போன்ற சொற்களுக்கு ஒற்றை மேற்கோள்குறி கட்டாயம். குறி விட்டுப்போனால் 'செல்ஃப்' என்ற பெயரில் ஒரு தளம் இருப்பதாகப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தடை நீங்கவில்லையா? ஒன்றுக்கு மேற்பட்ட சிஎஸ்பி ஹெடர் போகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் பகுதியில் முதல் வரிசையைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸ் ஹெடர்களை எண்ணினால் தெரிந்துவிடும். வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்று அனுப்பும், சர்வர் ஒன்று அனுப்பும், முன்னால் நிற்கும் சிடிஎன் (கோப்புகளின் நகலைப் பல இடங்களிலிருந்து தரும் வலையமைப்பு) மூன்றாவதை அனுப்பும். இரண்டு ஹெடர் வந்தால் இரண்டும் அனுமதித்தால்தான் ஸ்கிரிப்ட் ஓடும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை விட்டால் பயன் கிடையாது. இதற்கு நேர்மாறான கோளாறு என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் வரும். அங்கே சர்வர் பகுதியில் 'ஆட்_ஹெடர்' கொண்டு சிஎஸ்பியைக் கொடுத்திருப்பார்கள். உள்ளே ஒரு லொகேஷன் பகுதியில் (தளத்தின் ஒரு பாதைக்கான அமைப்பு) கேஷ் (சேமித்து வைக்கும் நகல்) கட்டுப்பாட்டுக்கென்று வேறொரு 'ஆட்_ஹெடர்' எழுதினால், மேலே உள்ளவை அத்தனையும் அந்தப் பகுதிக்குக் கிடைக்காமல் போய்விடும். பணம் கட்டும் பக்கம் அந்த லொகேஷனில் இருந்தால் அங்கே சிஎஸ்பியே கிடையாது. எதுவும் உடையாததால் ஒருவருக்கும் தெரியாது. வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' சேர்க்காவிட்டால் 404, 500 பிழைப் பக்கங்களுக்கும் ஹெடர் போகாது. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே திருப்பிக் காட்டும் பிழைப் பக்கம்தான் தாக்குபவருக்கு வசதியான இடம்.

சர்வரைத் தொட அனுமதி இல்லாதவர்கள் பக்கத்துக்குள்ளேயே மெட்டா குறியில் (எச்டிஎம்எல் டேக்) சிஎஸ்பி எழுதுவார்கள். வேறு வழியில்லை என்றால் செய்யலாம். ஆனால் அந்தக் குறிக்கு மேலே உள்ள ஸ்கிரிப்டுகளுக்கு அது பொருந்தாது. நம் பக்கத்தை வேறு தளம் தன் சட்டத்துக்குள் காட்டுவதைத் தடுக்கும் 'ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' விதியும், மீறல் அறிக்கை அனுப்பும் வசதியும், சோதனைக்கான 'ரிப்போர்ட்-ஒன்லி' முறையும் அதில் வேலை செய்யாது.

ஒரு வெளிச் சேவைக்கு ஒரே முகவரி போதும் என்று நினைப்பதும் தவறு. 'நான் ரோபோ அல்ல' கட்டத்துக்குக் கூகுளின் முதன்மை முகவரியும் ஜிஸ்டாட்டிக் முகவரியும் ஸ்கிரிப்ட் வரியில் வேண்டும். கட்டம் ஒரு சட்டத்துக்குள் வருவதால் 'ஃபிரேம்-எஸ்ஆர்சி' வரியிலும் வேண்டும். கூகுள் எழுத்துருவின் ஸ்டைல் கோப்பு ஒரு முகவரியில், எழுத்துக் கோப்புகள் வேறொரு முகவரியில். வருகைக் கணக்கு ஸ்கிரிப்ட் ஏறிவிடும், ஆனால் அது எண்களை அனுப்பும் முகவரி 'கனெக்ட்-எஸ்ஆர்சி'யில் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கணக்கு பூஜ்யமாகும். டேக் மேனேஜரில் (வெளி ஸ்கிரிப்டுகளைச் சேர்க்க உதவும் கூகுள் கருவி) சொந்தமாக எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள் 'அன்சேஃப்-இவால்' (எழுத்தாக வந்ததை நிரலாக ஓட்டும் அனுமதி) கேட்கும். அதைக் கொடுப்பதைவிட அந்த மாறிகளைத் தளத்தின் சொந்தக் குறிமுறைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இப்படிப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்போதுதான் பட்டியல் முறையே ஓட்டை என்பது புரியும். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் இணையம் முழுவதும் சிஎஸ்பி கட்டளைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வெவ்வேறு கட்டளைகளில் 94.72 விழுக்காடு எளிதில் தாண்டக்கூடியதாக இருந்தது. காரணம் எளிது. பெரிய முகவரி ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால், அந்த முகவரியில் உள்ள எல்லாக் கோப்புக்கும் அனுமதி கொடுத்ததாகிறது. பொதுச் சிடிஎன்களில் யார் வேண்டுமானாலும் நிரலை வெளியிடலாம், அதை அங்கிருந்து பெறலாம். பழைய ஜேசன்பி (தகவலை ஸ்கிரிப்ட் வடிவில் திருப்பித் தரும் முறை) வசதி இன்னும் உயிரோடிருக்கும் முகவரிகளில், தாக்குபவர் தனக்கு வேண்டிய வரியையே திருப்பித் தரச் செய்யலாம். காவலாளியிடம் தெருப் பெயரை மட்டும் சொல்லி, அந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் விடச் சொன்னதற்குச் சமம்.

அதனால் இன்று செய்ய வேண்டியது நான்ஸ் முறை. ரேஷன் கடையில் அன்றைக்கு மட்டும் செல்லும் டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா, அதேதான். பக்கம் ஒவ்வொரு முறை உருவாகும்போதும் சர்வர் ஒரு புதிய எண்ணை உருவாக்குகிறது. குறைந்தது 16 பைட், குறியாக்கத்துக்குத் தகுந்த ரேண்டம் மூலத்திலிருந்து, பேஸ்64 வடிவில். அதே எண்ணை ஹெடரிலும் எழுதுகிறது, தான் நம்பும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் குறியிலும் எழுதுகிறது. எண் பொருந்தினால் ஓடும். ஊகிக்க முடியாததால், வெளியிலிருந்து நுழைக்கப்பட்ட ஸ்கிரிப்டுக்கு எண் கிடைக்காது. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. ஹெடரில் எழுத வேண்டியது இவ்வளவுதான். கோப்பில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளவும்:

ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி 'நான்ஸ்-அந்த எண்' 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' எச்டிடிபிஎஸ்: 'அன்சேஃப்-இன்லைன்'; ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி 'நன்'; பேஸ்-யூஆர்ஐ 'நன்'

ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி பழைய செருகுநிரல்களுக்கான விதி, பேஸ்-யூஆர்ஐ பக்கத்தின் அடிப்படை முகவரியை மாற்றவிடாத விதி. மேலே திட்டிய 'அன்சேஃப்-இன்லைன்' இங்கே எப்படி வந்தது என்று கேட்கலாம். நான்ஸ் இருக்கும் வரியில் அந்தச் சொல்லைப் புதிய பிரவுசர்கள் கண்டுகொள்வதில்லை. 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' இருந்தால் பின்னால் உள்ள எச்டிடிபிஎஸ் அனுமதியும் செல்லாது. இவை இரண்டும் மிகப் பழைய கைப்பேசிகளில் பக்கம் உடையாமல் இருப்பதற்காக மட்டும். சஃபாரி 2022-இல் வந்த 15.4 பதிப்பிலிருந்துதான் 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' அறியும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிந்தவை.

'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' செய்வது என்ன? டோக்கனோடு வந்தவர் தன்னோடு ஓர் உதவியாளைக் கூட்டிவந்தால் அவரையும் விடுவது. டேக் மேனேஜர், அரட்டைப் பெட்டி போன்றவை தாங்கள் ஏறிய பிறகு மேலும் நாலைந்து ஸ்கிரிப்டுகளை இழுத்து வருகின்றன. அவற்றின் முகவரிகளை எல்லாம் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: புதிய ஸ்கிரிப்ட் 'கிரியேட் எலிமென்ட்' வழியாகச் சேர்க்கப்பட வேண்டும். 'டாகுமென்ட்.ரைட்' கொண்டு எழுதும் பழைய பாணி விளம்பரக் குறிமுறை இதில் ஓடாது. வெளிச் சேவைக்காரர் அப்படியொரு துண்டைக் கொடுத்தால் புதிய வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், கேட்டால்தான் தருவார்கள்.

நான்ஸ் முறையில் ஆட்கள் சறுக்கும் இடங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது கேஷ். முழுப் பக்கத்தையும் சேமித்து வைக்கும் பிளகினோ சிடிஎன்னோ இருந்தால், ஒரே எண் ஆயிரம் பேருக்குப் போகும். டோக்கனை நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்த கதை. ஹெடர் மட்டும் புதிதாக உருவாகி, பக்கம் பழையதாக வந்தால் எண் பொருந்தாமல் ஒரு ஸ்கிரிப்டும் ஓடாது. 'சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மாறாத பக்கங்களுக்கு நான்ஸ் வேண்டாம், ஹேஷ் போதும்: பக்கத்தில் உள்ள சிறு ஸ்கிரிப்டின் எஸ்எச்ஏ-256 கைரேகையை ஹெடரில் எழுதிவிடலாம். அந்தக் கைரேகையைக் கன்சோல் பிழைச் செய்தியிலேயே குரோம் எழுதிக் காட்டும். ஸ்கிரிப்டுக்குள் ஓர் இடைவெளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். எச்டிஎம்எல்லைச் சுருக்கும் கருவி பின்னால் ஓடினால், அது ஓடிய பிறகு கைரேகை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, சோம்பேறித்தனத்தின் உச்சம். பக்கம் வெளியே போகும் முன் அதிலுள்ள எல்லா ஸ்கிரிப்ட் குறிகளையும் தேடி, எல்லாவற்றிலும் நான்ஸ் எண்ணை ஒட்டிவிடும் மிடில்வேர். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கருத்துப் பெட்டி வழியாகத் திருடன் நுழைத்த ஸ்கிரிப்டுக்கும் அதுவே டோக்கன் கொடுத்துவிடும். எண்ணை டெம்ப்ளேட்டில் கையால்தான் எழுத வேண்டும், குறிக்குக் குறி.

மூன்றாவது, 'ஆன்கிளிக்' போன்ற இன்லைன் நிகழ்வுகள். நான்ஸ் குறிகளுக்கு மட்டும்தான், நிகழ்வுகளுக்குச் செல்லாது. பொத்தானுக்குள் எழுதிய ஆன்கிளிக்கும், 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கும் இணைப்புகளும் நின்றுபோகும். அவற்றை 'ஆட் ஈவென்ட் லிஸனர்' கொண்டு தனிக் கோப்பில் எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் கட்டிய பழைய தளங்களுக்கு இது பெரிய தலைவலி. அதன் லிங்க்பட்டன் ஒவ்வொன்றும் 'ஜாவாஸ்கிரிப்ட்:' இணைப்பாகத்தான் வெளிவரும்; படிவத்தைச் சர்வருக்கு அனுப்பும் போஸ்ட்பேக் ஸ்கிரிப்டையும் அந்த ஃபிரேம்வொர்க் தானே நான்ஸ் இல்லாமல் எழுதிவிடும். அந்தத் தளம் முழுவதையும் ஒரே வாரத்தில் மாற்றுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்நுழையும் பக்கம், பணம் கட்டும் பக்கம் இரண்டை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, லிங்க்பட்டனுக்குப் பதில் சாதாரண சப்மிட் பொத்தான் வைத்துச் சரிசெய்யலாம்.

இன்னொரு சிறு விஷயம், பலரை ஒரு நாள் முழுக்க அலையவிடுவது. டெவலப்பர் கருவியில் பார்த்தால் நான்ஸ் பண்புக்கூறு வெறுமையாகத் தெரியும். எண் வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்று பிரவுசரே மறைத்து வைக்கிறது. 'வியூ சோர்ஸ்' போய்ப் பாருங்கள், இருக்கும். ஸ்கிரிப்டுக்குள் தேவையென்றால் 'கெட் அட்ரிப்யூட்' வேண்டாம், எலிமென்டின் 'நான்ஸ்' பண்பை நேரே படியுங்கள்.

நான்ஸ் எண் கொடுத்துவிட்டால் வெளி ஸ்கிரிப்ட் நல்லதாகிவிடுமா? ஆகாது. பாலிஃபில் போல மூலமே கெட்டால் டோக்கன் கெட்டவர் கையில்தான் இருக்கும். அதற்கு இரண்டு மருந்து. ஜேக்வெரி, பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த நிரல்கள், எழுத்துரு போன்றவற்றைப் பதிவிறக்கிச் சொந்த சர்வரிலேயே வையுங்கள். பொதுச் சிடிஎன்னில் இருந்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கியது இங்கேயும் உதவும் என்ற வாதம் காலாவதியாகிவிட்டது; 2020-இல் வந்த குரோம் 86 முதல் ஒரு தளத்தின் கேஷ் இன்னொரு தளத்துக்குப் பயன்படுவதில்லை. வெளியிலிருந்தே எடுத்தாக வேண்டுமென்றால், பதிப்பு எண் உள்ள கோப்பைத் தேர்ந்து 'இன்டெக்ரிட்டி' பண்புக்கூறில் எஸ்எச்ஏ-384 கைரேகையைப் போடுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் கருவி உள்ள எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் கைரேகை எடுக்கலாம். பைனரி வெளியீட்டை பேஸ்64-க்கு மாற்ற மறக்கக் கூடாது, பதினாறடிமான எழுத்தில் போட்டால் செல்லாது. கூடவே 'கிராஸ்ஆரிஜின்' பண்புக்கூறை 'அனானிமஸ்' என்று வைக்க வேண்டும், அனுப்பும் சர்வரும் கோர்ஸ் ஹெடர் (வேறு தளம் கோப்பைப் படிக்கலாம் என்ற அனுமதி) கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் கோப்பு சரியாக இருந்தும் பிரவுசர் ஓட்டாது. பழி கைரேகை மேல் விழும். பிரவுஸ்அலவுட் விவகாரத்தில் கைரேகை போட்டிருந்த தளத்தில் மாற்றப்பட்ட கோப்பு ஓடியிருக்காது. பாலிஃபில் பிரவுசருக்குப் பிரவுசர் வேறு கோப்பு அனுப்பியதால் அதற்குக் கைரேகையே போட முடியாது. கைரேகை போட முடியாத ஸ்கிரிப்ட் நமக்குத் தேவையா என்று யோசிக்க அதுவே ஒரு காரணம்.

பணம் வாங்கும் நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் அடிக்கடி மாறும், அதற்கும் கைரேகை ஒத்துவராது. அங்கே செய்யக்கூடியது பக்கத்தைச் சுத்தமாக வைப்பது. பணம் கட்டும் பக்கத்தில் வருகைக் கணக்கு எதற்கு? அரட்டைப் பெட்டி எதற்கு? அட்டை வாங்கும் தளங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையின் 4-ஆம் பதிப்பு, பணம் கட்டும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பட்டியலிட்டு, ஏன் தேவை என்று எழுதி, மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யச் சொல்கிறது, 6.4.3 என்ற அந்த விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயம். பட்டியல் நாலு வரியில் முடிந்தால் வேலை சுலபம்.

ஸ்கிரிப்ட் உள்ளே வருவதைப் போலவே தகவல் வெளியே போவதும் முக்கியம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்த திருட்டில் வெளி முகவரி ஸ்கிரிப்டே இல்லை. அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்த கோப்பிலேயே 22 வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பயணிகளின் அட்டை விவரம், நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்குப் போனது. 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பணம் கட்டும் பக்கத்தில் 'கனெக்ட்-எஸ்ஆர்சி'யை இறுக்கமாக எழுதியிருந்தால் அந்த அனுப்பல் பிரவுசரிலேயே நின்றிருக்கும், மீறல் அறிக்கையும் வந்திருக்கும். இது முழுக் காப்பு அல்ல, கைதேர்ந்த திருடனுக்கு வேறு வழிகள் உண்டு. ஆனால் அந்த ஒரு வரிக்குச் செலவு ஒன்றுமில்லை.

'ஃபார்ம்-ஆக்ஷன்' வரியில் மட்டும் நம் ஊர் நிலைமைக்கு ஓர் எச்சரிக்கை. நெட்பேங்கிங் வழியாகக் கட்டும்போது படிவம் முதலில் பணம் வாங்கும் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து வங்கியின் பக்கத்துக்குத் திருப்பப்படும். படிவம் திருப்பப்படும் இடத்தையும் இந்த விதி தடுக்குமா என்பதில் பிரவுசர்கள் ஒத்துப்போவதில்லை. குரோம் தடுத்திருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் விட்டிருக்கிறது. 'யுபிஐ சரியாகிறது, ஒரு குறிப்பிட்ட வங்கி மட்டும் வெள்ளைத் திரை' என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம். வங்கிகள் எல்லாவற்றின் முகவரிகளையும் பட்டியலிட்டுப் பராமரிப்பது நடக்காத காரியம். அந்தப் படிவம் உள்ள பக்கத்தில் மட்டும் இந்த விதியை விட்டுவிட்டு, மற்றப் பக்கங்களில் 'செல்ஃப்' என்று வைக்கலாம். இந்த விதிக்கும் 'பேஸ்-யூஆர்ஐ', 'ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' விதிகளுக்கும் டிஃபால்ட் வரியிலிருந்து எதுவும் வந்து சேராது. எழுதாவிட்டால் தடையே இல்லை.

மாற்றத்தை ஒரே இரவில் செய்ய வேண்டாம். இருக்கும் தளர்ந்த கட்டளையை அப்படியே நடைமுறையில் விட்டு, இறுக்கமானதை 'ரிப்போர்ட்-ஒன்லி' ஹெடராகச் சேர்த்து அனுப்பலாம். எதையும் தடுக்காமல், எதைத் தடுத்திருக்கும் என்று மட்டும் அறிக்கை வரும். இரண்டு ஹெடர்களும் ஒரே நேரத்தில் போகலாம். எத்தனை நாள் என்றால், வழக்கமான ஒரு வாரம் போதாது. அரையாண்டுச் சொத்துவரியின் கடைசி நாள், பள்ளிக் கட்டணக் கெடு, தீபாவளித் தள்ளுபடி என்று அந்தத் தளத்துக்குக் கூட்டம் வரும் ஒரு காலம் அதில் அடங்க வேண்டும். அபூர்வமான பக்கங்கள் அப்போதுதான் திறக்கப்படும். அறிக்கை அனுப்ப 'ரிப்போர்ட்-டு' புதியது, 'ரிப்போர்ட்-யூஆர்ஐ' பழையது. எல்லாப் பிரவுசருக்கும் எட்ட இரண்டையும் எழுதுங்கள். வரும் அறிக்கைகளில் நிறைய, பயனரின் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் ஆன்டிவைரஸும் செய்த குறும்பாக இருக்கும். முகப்பில் எக்ஸ்டென்ஷன் என்ற சொல் வரும் முகவரிகளைக் கழித்துவிட்டு, மீறிய விதி, தடுக்கப்பட்ட முகவரி இரண்டையும் சேர்த்துத் தொகுத்தால் நூறு பக்கம் ஒரு பக்கமாகும்.

தணிக்கை செய்வோருக்கும் ஒப்பந்தப்புள்ளி எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். 'சிஎஸ்பி உள்ளதா' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் வரியில் நான்ஸோ ஹேஷோ இல்லாமல் 'அன்சேஃப்-இன்லைன்' இருக்கிறதா? பக்கத்தை இரண்டு முறை திறந்தால் எண் மாறுகிறதா? பிழைப் பக்கத்துக்கும் ஹெடர் வருகிறதா? மீறல் அறிக்கையைக் கடந்த மாதம் யார் படித்தார்? பணம் கட்டும் பக்கத்தில் எத்தனை வெளி ஸ்கிரிப்ட், ஒவ்வொன்றும் எதற்கு? இவற்றைக் கேட்க அரை மணி நேரம் போதும். கட்டளையைக் கூகுளின் இலவச 'சிஎஸ்பி இவாலுவேட்டர்' பக்கத்தில் ஒட்டினால் முதல் கேள்விக்கு விடை பத்து நொடியில் வந்துவிடும். இணையச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. மீறல் அறிக்கையை யாரும் படிக்காத தளத்தில் அந்த 6 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்றே தெரியாது.

கடைசியாக, செய்தித் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம். விளம்பரம் ஓடும் பக்கத்தில் கண்டிப்பான சிஎஸ்பி என்பது நடைமுறையில் மிகக் கடினம். ஒவ்வொரு விளம்பர ஏலத்துக்கும் புதுப் புது முகவரிகளிலிருந்து ஸ்கிரிப்ட் வரும், பாதி இன்னும் 'டாகுமென்ட்.ரைட்' காலத்தவை. அந்தப் பக்கங்களில் 'ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி', 'பேஸ்-யூஆர்ஐ', 'ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' மூன்றை மட்டும் எழுதிவிட்டு, 'எங்களிடம் சிஎஸ்பி இருக்கிறது' என்று சொல்லாமல் இருப்பதே நேர்மை. சந்தா கட்டும் பக்கத்தையும் வாசகர் உள்நுழையும் பக்கத்தையும் விளம்பரமே இல்லாத தனித் துணைத் தளத்துக்கு மாற்றி, அங்கே மேலே சொன்ன நான்ஸ் கட்டளையைப் போடலாம். குக்கியை மட்டும் முதன்மைத் தளத்தோடு பகிராமல் அந்தத் துணைத் தளத்துக்கென்றே வையுங்கள். குக்கியின் 'டொமைன்' பண்பை எழுதாமல் விட்டாலே அது நடக்கும்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
தரமணி, சென்னை.